மியான் சன்னுவின் ஏழு நிமிடங்கள்

2022 மார்ச் 9, புதன்கிழமை மாலை. பாகிஸ்தான் நேரப்படி மணி 6.43. ஹரியானாவின் சிர்சா பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று மிக வேகமாகப் பறப்பதை பாகிஸ்தான் விமானப்படையின் ரேடார் கண்டது. 40,000 அடி உயரம். ஒலியைவிட இரண்டரை மடங்குக்கும் மேலான வேகம். ராஜஸ்தானில் உள்ள மகாஜன் பயிற்சித் திடலை நோக்கிப் போவதுபோல் தெரிந்தது, சட்டென்று திசை மாறி எல்லையைக் கடந்தது. 6.50-க்கு, பாகிஸ்தானுக்குள் 124 கிலோமீட்டர் உள்ளே, கானேவால் மாவட்டத்தின் மியான் சன்னு என்ற சிறு நகரத்தின் அருகே விழுந்து நொறுங்கியது. பொதுமக்களின் சொத்துக்குச் சேதம். உயிர் எதுவும் போகவில்லை.

மறுநாள் மாலை பாகிஸ்தான் ராணுவத்தின் செய்தித் தொடர்பாளர் பத்திரிகையாளர்களை அழைத்துச் சொன்ன பிறகுதான் வெளியுலகுக்கு விஷயம் தெரிந்தது. அதற்கும் மறுநாள், மார்ச் 11 அன்று, இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் வாய் திறந்தது: வழக்கமான பராமரிப்புப் பணியின்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறால் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பிவிட்டது, ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறோம். ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூன்று பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே அரசுத் தரப்பு தந்த பதில் மனுவில்தான் கொஞ்சம் விவரம் வெளிவந்தது. வண்டியில் ஏற்றப்பட்டிருந்த ஏவுகணைகளின் போர்க்கால இணைப்பிகளைச் சந்திப்புப் பெட்டியிலிருந்து கழற்றிவைத்திருக்க வேண்டும், கழற்றப்படவில்லை. அரசுக்கு ஏற்பட்ட நட்டம் ₹24 கோடி என்றும் சொல்லப்பட்டது. கிளம்பியது பிரம்மோஸ் என்ற குரூஸ் ஏவுகணை.

அணு ஆயுதப் போரைப் பற்றி நம்மிடையே பேச்சு வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான் முன்னால் வந்து நிற்கும்: முதலில் பொத்தானை அழுத்துவது யார்? வெறி பிடித்த ஒரு தளபதியையோ மூலைக்குத் தள்ளப்பட்ட ஒரு தலைவரையோ மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறோம். இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டு சோதித்த 1998-க்குப் பிறகு சந்தித்த நெருக்கடிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துவரும்போது எனக்குப் படுவது வேறு. வெறி குறைவுதான். இரு தரப்பிலும் நிதானமானவர்களே பெரும்பாலும் முடிவெடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நிதானம் வேலை செய்யத் தேவைப்படும் நேரத்தை, ஒவ்வொரு புதிய ஆயுதமும் ஒவ்வொரு புதிய போர்க் கோட்பாடும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வருகின்றன.

நேரம் என்பது இங்கே என்ன? அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் நடுவே கண்டம் தாண்டும் ஏவுகணை பறக்க ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். 1983 செப்டம்பர் 26 இரவில், அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகச் சோவியத் எச்சரிக்கைக் கருவி அலறியபோது, பணியில் இருந்த ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் என்ற அதிகாரி அதை நம்பவில்லை. ஐந்தே ஐந்து ஏவுகணையை வைத்துக்கொண்டு எவனாவது உலகப்போர் தொடங்குவானா என்று யோசித்தார். பொய் எச்சரிக்கை என்று மேலே தெரிவித்தார். அப்படி யோசிக்கும் அளவுக்காவது அவருக்குச் சில நிமிடங்கள் கிடைத்தன. லாகூர் எல்லையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஜியா மியான், ஆர். ராஜாராமன், எம்.வி. ரமணா ஆகிய மூன்று இயற்பியலாளர்கள் 2003-ல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 600 கிலோமீட்டர் தொலைவை ஒரு பாலிஸ்டிக் ஏவுகணை ஐந்து நிமிட அளவில் கடந்துவிடும். ரேடார் கண்டு, அது உண்மைதானா என்று சரிபார்த்து, தலைமைக்குச் சொல்லி, தலைமை முடிவெடுக்க வேண்டும். எல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்குள்.

இந்த ஆபத்தை இரு நாடுகளும் உணராமல் இல்லை. 1988 டிசம்பர் 31 அன்று ராஜீவ் காந்தியும் பேநசீர் பூட்டோவும் இஸ்லாமாபாத்தில் இருந்தபோது, ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. 1999 பிப்ரவரியில் வாஜ்பாய் பேருந்தில் லாகூர் போனபோது கையெழுத்தான புரிந்துணர்வில், தவறுதலாகவோ அனுமதியின்றியோ ஏதாவது நடந்தால் உடனே ஒருவருக்கொருவர் தெரிவிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். 2007-ல் அணு ஆயுத விபத்துகளுக்கென்றே தனி ஒப்பந்தம். 2005 அக்டோபரில், பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனை எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று ஓர் ஒப்பந்தம். இந்த 2005 ஒப்பந்தத்தில் 'பாலிஸ்டிக்' என்ற ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். குரூஸ் ஏவுகணை அதன் வரம்பில் வரவில்லை. அன்று அது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது. இன்று இரு தரப்பும் குரூஸ் ஏவுகணைகளை வைத்திருக்கின்றன. பாகிஸ்தானின் பாபர் அணுகுண்டையும் சுமக்கக்கூடியது. பிரம்மோஸ் சாதாரண வெடிகுண்டை மட்டுமே சுமப்பது என்கிறது இந்தியா. ஆனால் ரேடார் திரையில் தெரியும் புள்ளிக்கு அந்த வித்தியாசம் கிடையாது.

மியான் சன்னு சம்பவத்தில் என்னை உறுத்துவது ஏவுகணை கிளம்பியது மட்டுமல்ல. இயந்திரம் என்றால் தவறும், மனிதனும் தவறுவான். கிளம்பிவிட்டது என்று தெரிந்த அந்தக் கணத்தில் ஹாட்லைனை எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இரு நாட்டு ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களுக்கு நடுவே தொலைபேசித் தொடர்பு 1971 முதல் இருக்கிறது. ஏன் உடனே தெரிவிக்கவில்லை என்று பாகிஸ்தான் கேட்டது. நியாயமான கேள்வி. இந்தியக் குடிமக்களாக நாமே கேட்டிருக்க வேண்டிய கேள்வியும்கூட. எல்லையில் அன்று பெரிய பதற்றம் இல்லை, முந்தைய ஆண்டு பிப்ரவரியில் புதுப்பிக்கப்பட்ட போர்நிறுத்தம் நிலைத்திருந்தது. அதனால் பாகிஸ்தான் பொறுத்தது. அதே ஏவுகணை 2019 பிப்ரவரி 27 அன்று தவறிக் கிளம்பியிருந்தால்?

அந்த நாளைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் கொல்லப்பட்டதற்குப் பதிலாக 26-ஆம் தேதி இந்திய விமானங்கள் பாலகோட்டில் குண்டு வீசின. மறுநாள் வான்மோதலில் அபிநந்தன் வர்த்தமானின் மிக் விமானம் வீழ்ந்து அவர் பிடிபட்டார். மார்ச் 1 அன்று வாகா எல்லையில் அவர் நடந்து வரும்வரை எத்தனையோ வீடுகளில் தொலைக்காட்சி அணையவில்லை. அதே 27-ஆம் தேதி காலையில் காஷ்மீரின் பட்காமில் நடந்ததைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. இந்திய விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டரை இந்திய விமானப்படையின் ஏவுகணையே சுட்டு வீழ்த்தியது. அதில் இருந்த ஆறு வீரர்களும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். அது பெரிய தவறு என்று விமானப்படைத் தளபதி பதௌரியா அதே ஆண்டு அக்டோபரில் ஒப்புக்கொண்டார். சொந்த ஹெலிகாப்டர், சொந்த வான்வெளி, பயிற்சி பெற்ற ஆட்கள். அப்படியிருந்தும் பதற்றமான ஒரு காலைப்பொழுதில் நம்முடையது எது, எதிரியுடையது எது என்று பிரித்தறிய முடியவில்லை. இதே கண்கள்தான், இதே பதற்றத்தில், வருவது அணுகுண்டா இல்லையா என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த நெருக்கடியின்போது ஹனோயில் இருந்த அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மைக் பாம்பியோ, பாகிஸ்தான் அணு ஆயுதத்தைத் தயார் செய்கிறது என்று இந்தியத் தரப்பு நம்பியதாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். தன் பங்கை மிகைப்படுத்திக் காட்டுவது அரசியல்வாதிகளின் நினைவுக் குறிப்புகளுக்கு இயல்பு. அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் கார்கில் போரைப் பற்றியும் இதுபோன்ற ஒரு சாட்சியம் உண்டு. 1999 ஜூலை 4 அன்று வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் கிளிண்டன் பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீஃபைச் சந்தித்தபோது உடன் இருந்தவர் கிளிண்டனின் ஆலோசகர் புரூஸ் ரீடல். உங்கள் ராணுவம் அணு ஏவுகணைகளைத் தயார் செய்வது உங்களுக்குத் தெரியுமா என்று கிளிண்டன் கேட்டதாகவும் ஷெரீஃப் திகைத்துப்போனதாகவும் ரீடல் பின்னர் எழுதினார். அப்போது எங்கள் அணுத்திறன் களத்தில் பயன்படும் நிலையிலேயே இல்லை என்று அன்றைய பாகிஸ்தான் ராணுவத் தளபதி முஷாரஃப் தன் நூலில் மறுத்தார். யார் சொல்வது சரி என்று தீர்ப்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரு நாட்டின் அணு ஆயுதம் எந்த நிலையில் இருக்கிறது என்பதில் அதன் பிரதமரும் தளபதியும் வல்லரசின் உளவுத்துறையும் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். எதிர்த்தரப்பு எதை நம்பி முடிவெடுக்கும்?

கார்கில் ஏன் கைமீறவில்லை என்பதற்குப் பெரிய காரணம் வாஜ்பாய் அரசு போட்டுக்கொண்ட ஒரு கட்டு. கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று விமானப்படைக்கு உத்தரவு. அந்தக் கட்டோடு மலையுச்சிகளில் இருந்த எதிரியைத் தாக்குவது மிகக் கடினம். இந்தியா விமானங்களையும் ஹெலிகாப்டரையும் இழந்தது, 527 வீரர்களை இழந்தது. உத்தரவு மாறவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நெருக்கடியிலும் இந்தக் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போனது. 2016-ல் தரைப்படை கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டிச் சென்று திரும்பியது. 2019-ல் விமானம் வீசிய குண்டு பாகிஸ்தானின் கைபர் பக்துன்க்வாவரை போனது. 2025-ல் பாகிஸ்தான் பஞ்சாபின் உள்ளே.

இப்படித் தள்ளிப்போனதற்குப் பின்னால் ஒரு ராணுவக் கணக்கு இருக்கிறது. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா சுமார் ஐந்து லட்சம் படையினரை எல்லைக்கு நகர்த்தியது. தாக்குதல் படைகள் போய்ச் சேர மூன்று வாரம் ஆனது. அதற்குள் உலகமே குறுக்கே வந்து நின்றுவிட்டது. பத்து மாதம் நின்றுவிட்டுப் படை திரும்பியது. சில நாட்களுக்குள் சிறு சிறு படைப்பிரிவுகள் எல்லை தாண்டிக் கொஞ்சம் நிலத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அணுகுண்டைத் தூண்டும் அளவுக்கு ஆழமாகப் போகக் கூடாது என்ற சிந்தனை 2004-ல் உருவானது. பாகிஸ்தானின் பதில் நஸ்ர். 60 முதல் 70 கிலோமீட்டர் மட்டுமே பறக்கும் சிறு அணு ஏவுகணை. 2011 ஏப்ரலில் முதல் சோதனை. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். எல்லை தாண்டி வரும் இந்திய டாங்கிகளின் மேல் போட வேண்டும் என்றால், அதைப் பாகிஸ்தான் தன் சொந்தப் பஞ்சாபின் கோதுமை வயல்களில்தான் போட வேண்டியிருக்கும். சிதறி நகரும் டாங்கிப் படையை நிறுத்த அப்படி ஒன்றிரண்டு குண்டுகள் போதாது என்றும் பாகிஸ்தான் இயற்பியலாளர்களே காட்டியிருக்கிறார்கள். இருந்தும் அந்த ஆயுதம் இருக்கிறது. போர்க்களத்துக்கு அருகிலேயே வைத்திருந்தால்தான் அதனால் பயன். அருகில் வைத்தால், எதிரி பிடிப்பதற்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்ற நெருக்கடி களத்தில் நிற்கும் அதிகாரியின் தலையில் ஏறும்.

இந்தியக் கோட்பாடு இதற்கு என்ன பதில் சொல்கிறது? 2003 ஜனவரி 4 அன்று அரசு அறிவித்தது: அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம், இந்திய மண்ணிலோ எங்கேயிருந்தாலும் இந்தியப் படையின் மீதோ எவரேனும் பயன்படுத்தினால் பதிலடி மிகப் பெரியதாக இருக்கும். இதன் முதல் வரைவை 1999 ஆகஸ்டில் தந்த குழுவின் ஒருங்கிணைப்பாளர் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். அவருடைய வரைவில் 'தண்டிக்கும் பதிலடி' என்றுதான் இருந்தது. 'மிகப் பெரிய' என்ற சொல் பின்னால் வந்தது. அணுகுண்டு போரிடுவதற்கான ஆயுதம் அல்ல, அரசியல் கருவி என்பது சுப்ரமணியத்தின் பார்வை. செங்கல்பட்டில் பிறந்த தளபதி கிருஷ்ணசாமி சுந்தர்ஜியும், ஓய்வு பெற்ற பிறகு, எதிரியைத் தடுக்கக் குறைந்த எண்ணிக்கையே போதும் என்று வாதாடினார். இந்திய–பாகிஸ்தான் அணுப்போரைக் கற்பனை செய்து 1993-ல் ஒரு நாவலே எழுதினார். இவர்கள் இருவரும் அமைதிவாதிகள் அல்ல. இந்தியாவிடம் குண்டு இருக்க வேண்டும் என்று உறுதியாக நின்றவர்கள். அவர்கள் எழுப்பிய எச்சரிக்கையை நாம் இன்று வசதியாக மறந்துவிட்டோம்.

பாகிஸ்தான் வயலில் சில டாங்கிகளின் மேல் ஒரு சிறு குண்டு விழுந்தால் இந்தியா உண்மையில் லாகூரையும் கராச்சியையும் எரிக்குமா? எரிக்காது என்று பாகிஸ்தான் கணக்குப் போட்டால் குண்டு விழும் வாய்ப்பு கூடுகிறது. எரிக்கும் என்று சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற இந்தியா முனைந்தால் கோடிக்கணக்கான உயிர்கள் போகும். 2019 ஆகஸ்டில் பொக்ரானில் நின்று, எதிர்காலத்தில் என்ன நடக்கும் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்று பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் சொன்னபோது, முதலில் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதியின் மேலும் ஒரு நிழல் விழுந்தது. எதிரியைக் குழப்புவது உத்தி என்பார்கள். நிமிடக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய எதிரியைக் குழப்புவது எந்த வகையிலும் பாதுகாப்பாக எனக்குத் தோன்றவில்லை.

2025 மே மாதம் இவை எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தது. அதற்கு மறுநாள், தண்ணீரை நிறுத்தவோ திருப்பவோ முயன்றால் அது போர்ச் செயல், நாட்டின் முழு வல்லமையும் கொண்டு பதில் தருவோம் என்று பாகிஸ்தான் அறிவித்தது. இதைப் படித்தபோது 2002-ல் வெளியான ஒரு பட்டியல்தான் நினைவுக்கு வந்தது. பாகிஸ்தான் அணு ஆயுதங்களைக் கவனிக்கும் அமைப்பின் அன்றைய தலைவர் காலித் கித்வாய், எந்தெந்த நிலையில் குண்டைப் பயன்படுத்துவோம் என்று இத்தாலிய ஆய்வாளர்களிடம் சொன்னது அது: நிலத்தில் பெரும்பகுதி போனால், படையில் பெரும்பகுதி அழிந்தால், பொருளாதாரத்தின் கழுத்து நெரிக்கப்பட்டால், உள்நாடு குலைக்கப்பட்டால். சிந்துவின் நீரில் விளையும் நாட்டுக்கு மூன்றாவது நிலை எங்கே தொடங்குகிறது? எந்த வரைபடத்திலும் அந்தக் கோடு இல்லை. அதைத் தாண்டிவிட்டோம் என்பது தாண்டிய பிறகுதான் தெரியவரும்.

மே 7 அதிகாலை இந்தியா ஒன்பது இடங்களைத் தாக்கியது. ட்ரோன்களும் ஏவுகணைகளும் நான்கு நாட்கள் இரு பக்கமும் பறந்தன. மே 10 அதிகாலை ராவல்பிண்டியின் நூர் கான் விமானதளம் தாக்கப்பட்டது. பாகிஸ்தான் அணு ஆயுதங்களை நிர்வகிக்கும் அமைப்பின் தலைமையகம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்தியாவின் குறி விமானதளம் மட்டுமே என்று நான் நம்புகிறேன். ஆனால் தாக்கப்பட்டவர் எப்படிப் படித்திருப்பார்? அணு ஆயுதத் தலைமைக் கட்டமைப்பை வெட்டுவதற்கான முதல் அடி என்று படித்திருந்தால்? அன்று பாகிஸ்தானின் அணு ஆயுத முடிவுகளை எடுக்கும் தேசியக் கட்டளை ஆணையம் கூடுகிறது என்ற செய்தி வந்தது. பிறகு பாதுகாப்பு அமைச்சரே அதை மறுத்தார். சில வாரங்கள் கழித்து பாகிஸ்தான் பிரதமரின் ஆலோசகர் ராணா சனாவுல்லா ஒரு பேட்டியில் சொன்னார்: நூர் கானை நோக்கி வந்த பிரம்மோஸில் அணுகுண்டு இருக்கிறதா என்று கண்டறிய எங்களுக்கு இருந்தது 30 முதல் 45 விநாடிகள்தான்.

இதை எச்சரிக்கையாகவும் எடுத்துக்கொள்ளலாம், அனுதாபம் தேடும் பேச்சாகவும் எடுத்துக்கொள்ளலாம். வேகத்தையும் தூரத்தையும் வைத்துப் பார்த்தால் நடக்க முடியாத கணக்கு இல்லை. மியான் சன்னுவில் ஏழு நிமிடம். மூன்று ஆண்டில் அது 45 விநாடி.

அணுகுண்டு இருப்பதால்தான் பெரிய போர் வரவில்லை, ஒவ்வொரு முறையும் முழுப் போராகாமல் முடிந்துவிட்டது, இதுவே அது வேலை செய்கிறது என்பதற்குச் சான்று என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1965, 1971 போன்ற போர் மீண்டும் வராததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்தான். ஆனால் அதே குண்டின் குடைக்குக் கீழேதான் பயங்கரவாதத் தாக்குதல்களுக்குத் துணிச்சல் வந்தது. அதே குடைக்குக் கீழேதான் பதிலடியும் ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே ஏறுகிறது. மே 12 அன்று பிரதமர் மோடி அணு ஆயுத மிரட்டலுக்கு இனி இடமில்லை என்றார். மிரட்டலுக்கு அஞ்சக் கூடாது என்பது சரி. மிரட்டலுக்கு அஞ்சாமல் இருப்பதும், விபத்துக்கு இடம் கொடுக்காமல் இருப்பதும் தனித்தனி வேலைகள். இரண்டாவதை யாரும் செய்துகொண்டிருப்பதாகத் தெரியவில்லை. இந்தியாவிடம் சுமார் 180, பாகிஸ்தானிடம் சுமார் 170 அணுகுண்டுகள் இருப்பதாக 2025 தொடக்கத்தில் ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது.

அவற்றில் 100, ஹிரோஷிமா அளவுள்ளவை, நகரங்களின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று ஆலன் ரோபாக், பிரையன் டூன் முதலியோர் 2007 முதல் ஆய்ந்துவருகிறார்கள். எரியும் நகரங்களிலிருந்து 50 லட்சம் டன் கரி மேல்வளிமண்டலத்துக்கு ஏறி வெயிலை மறைக்கும், பயிர்கள் பொய்க்கும் என்பது அவர்கள் முடிவு. அவ்வளவு கரி மேலே ஏறாது என்று அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தினர் 2018-ல் மறுத்தார்கள். விவாதம் முடியவில்லை. பாதிதான் உண்மை என்று வைத்துக்கொண்டாலும், கரியின் நிழல் எல்லைக் கோட்டோடு நிற்கப்போவதில்லை. டெல்லிக்கும் லாகூருக்கும் தொலைவில் இருக்கிறோம் என்ற ஆறுதல் காவிரிப் படுகைக்கும் கிடைக்காது.

முழு அமைதி வந்தால்தான் ஏதாவது செய்ய முடியும் என்பதில்லை. 2005 ஒப்பந்தத்தில் குரூஸ் ஏவுகணையையும் சேர்க்கலாம். ஏவுகணை தவறிக் கிளம்பினால் எத்தனை நிமிடத்துக்குள் ஹாட்லைனில் சொல்ல வேண்டும் என்று எண்ணிக்கையோடு எழுதலாம். அணு ஆயுதக் கட்டளை மையங்களுக்கு அருகில் உள்ள தளங்களை இரு தரப்பும் குறிவைப்பதில்லை என்று உறுதி செய்யலாம். இவற்றுக்குத் தலைவர்கள் கைகுலுக்க வேண்டியதில்லை. காஷ்மீர் தீர வேண்டியதில்லை. பகைமையின் நடுவிலும் இவை நடக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1988-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் இரு நாடுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் நடந்த ஆண்டைத் தொடர்ந்த ஜனவரியிலும், ஐந்து லட்சம் படை எல்லைக்குத் திரண்டுகொண்டிருந்த 2002 ஜனவரியிலும் அது தவறவில்லை. 2025 ஜனவரி 1 அன்று 34-ஆவது முறையாகப் பட்டியல் கைமாறியது. குரூஸ் ஏவுகணைக்கு அப்படி ஒரு தாளும் இல்லை.